காலை 8 மணிக் கணக்கு

அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. திருநெல்வேலிச் சீமையில் செய்தித் தளம் நடத்த வருகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவைதான். பேட்டியும் கட்டுரையும் ஒரு நாள் வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைய அணை நீர்மட்டம் காலை ஒன்பதரைக்குள் தளத்தில் ஏறவில்லையென்றால் போன் வந்துவிடும். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசானப் பருவ நெல் கரையேறுமா, குடிதண்ணீர் ஏப்ரல் வரை தாங்குமா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது.

எங்கள் தளம் வளர்ந்ததும் அந்தப் பக்கத்தால்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு ஆற்றங்கரை ஊர்களில்கூட போனில் செய்தி படிப்பது வழக்கமானது. 2018 தொடக்கத்தில் தளங்களுக்கு விளம்பரம் தந்து பணம் கொடுக்கும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கும் முன்னால் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வந்து சேர வேண்டும். அதே 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் பதிவு வரிசையில் செய்திப் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி உறவினர், நண்பர் பதிவுகளை முன்னே கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கை நம்பி நடந்த சிறு தளங்களுக்கு வாசகர் வரத்து சுருங்கிய காலம் அது. தேடி வருகிறவர்கள்தான் மிச்சம். எங்கள் பக்கம் தேடி வருகிறவர்கள் தேடியதோ அணையையும் குற்றாலத்தையும்.

அதனால் அணைப் பக்கத்துக்கு ஒரே நிரந்தர இணைய முகவரி வைத்தோம். தினமும் புதுப் பதிவு போட்டால் வருடத்துக்கு 365 மெலிந்த பக்கங்கள் சேரும். அவை ஒன்றோடொன்று போட்டியிடும். மழை நேரத்தில் தேடுகிறவர் எந்த வருடத்துப் பக்கத்தில் போய் இறங்குவார் என்று சொல்ல முடியாது. முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். இணைய முகவரிக்கான குறியீடாக மாறும்போது அது ஒன்பது இடம் பிடிக்கும். எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்குக் கொடுக்கும் இடம் 200. ‘பாபநாசம்-அணை-நீர்மட்டம்’ என்று எழுதினாலே 191 ஆகிவிடும், அடுத்த சொல்லுக்கு இடமில்லை. நிரந்தர முகவரியால் ஓர் இழப்பும் இருந்தது. கூகுள் செய்திப் பிரிவுக்கு நாம் கொடுக்கும் பக்கப் பட்டியலான தள வரைபடத்தில் கடைசி இரண்டு நாளில் வெளியானவை மட்டுமே சேரும், பழைய பக்கத்தைத் தினமும் திருத்துவது அதில் வராது. தெரிந்தே விட்டோம்.

இவ்வளவும் சொல்வது, பெருமழையில் தாமிரபரணி பெருகிய 2023 டிசம்பர் 17 ராத்திரியில் நடந்த ஒரு பேச்சுக்காக. பக்கத்திலிருந்து எண்ணையே எடுத்துவிடுவது என்று நான் சொன்னேன். அம்பாசமுத்திரத்திலிருந்த எங்கள் செய்தியாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எண்ண எடுத்துராதிய அண்ணாச்சி. நாம எடுத்துட்டா வாட்ஸ்அப்ல எவனோ போடுத எண்ணத்தான் நம்புவாவ.”

“இது காலைக் கணக்குல்லா தம்பி. இப்ப அணையில அது இல்லையே.”

“காலைக் கணக்குன்னு மணி போட்டு வச்சா ஆளுக கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கிடுவாவ. ஒண்ணுமே இல்லன்னா என்ன செய்வாவ?”

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், காலை 8 மணி அளவு இப்போது பொருந்தாது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று இரண்டு வரி. கீழே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. விளம்பரங்களையும் தமிழ் எழுத்துருவையும் நீக்கி வெறும் எழுத்தாக ஆக்கியதில் பக்கம் சில கிலோபைட்டுக்கு இறங்கியது. கரண்ட் போய், டவர்கள் ஒவ்வொன்றாக விழும் நேரத்தில் கிடைப்பது 2ஜி சிக்னல்தான். அதில் எழுத்துரு இறங்கவே நிமிடக்கணக்கு ஆகும், போனில் இருக்கும் எழுத்துரு போதும். இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எண்ணை எடுத்ததில்தான்.

என் பக்கத்து நியாயம் இது. நீர்மட்டம் அளக்கப்படுவது காலை 8 மணிக்கு. சாதாரண நாளில் பாபநாசத்தில் ஓர் அடி ஏறினாலே தலைப்புச் செய்தி, அப்போது காலை எண் சாயங்காலம் வரை செல்லும். மலையில் கொட்டுகிற நாளில் அதே எண் மத்தியானத்துக்குள் பழசாகிவிடும். இதற்கு மேல் கேஷ் (cache), அதாவது பக்கத்தின் சேமித்து வைத்த நகல், இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திறக்கும்போது சிறு சர்வர் விழாமல் நிற்பது கேஷ் வைத்திருப்பதால்தான். கூட்டம் கூடக் கூட அதன் நேரத்தை நீட்ட வேண்டியிருக்கும், நீட்டினால் பக்கம் பழசாகும். சர்வரில் அழித்தாலும் வாசகரின் போனில் ஒரு நகல் தங்கும். வாட்ஸ்அப் முன்னோட்டப் பெட்டி இன்னும் மோசம். இணைப்பை அனுப்புகிறவர் போனில் அந்த நொடியில் எடுக்கப்பட்டு, செய்தியோடு ஒட்டிக்கொண்டு போகும். நாம் பக்கத்தைத் திருத்தினாலும் அந்தப் பெட்டி திருந்தாது. தலைப்பில் ‘பாபநாசம் இத்தனை அடி’ என்று இருந்தால், அளந்த நேரத்தை விட்டுவிட்டு எண் மட்டும் ஊர் ஊராகப் போகும்.

அதைவிடப் பெரிய நியாயம், அன்றைக்கு அந்த எண் கீழ்ப்பகுதி மக்களுக்குச் சொல்வது மிகக் குறைவு. பாபநாசம் அணைக்குக் கீழே மணிமுத்தாறு சேர்கிறது, கடனா சேர்கிறது, பச்சையாறு சேர்கிறது, சீவலப்பேரி அருகே சிற்றாறு சேர்கிறது. அணைக்குக் கீழே விழும் மழையை எந்த அணையும் பிடிக்காது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அது மலையில் பெய்த மழை அல்ல, கடற்கரையில் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டி ஏரலில் இருப்பவர் பாபநாசம் 143-க்கு இன்னும் இத்தனை அடி பாக்கி என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தால்? அந்த நிம்மதியை என் பக்கம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனாலும் அவர் கேட்டதற்கு இது பதில் ஆகவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்றார். எங்கள் வாசகருக்கு எண் வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. வருடக்கணக்கில் தினமும் அதே இடத்தில் எண் கொடுத்துவிட்டு, ஆறு பெருகிய ராத்திரியில் வெறும் இடத்தைக் காட்டினால், அந்த வெற்றிடத்தை வேறு ஏதோ வந்து நிரப்பும். பழைய வெள்ளத்துப் படங்கள் அன்றைக்குப் புதுசாகச் சுற்றின. எங்கள் பக்கத்தில் காலை எண் மணியோடு இருந்திருந்தால் அவற்றைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்காவது உதவியிருக்கும் என்று அவர் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. ஆற்றோடு வாழ்ந்தவர்கள் எண்ணை அப்படியே விழுங்குகிறவர்கள் அல்ல. காலையில் இவ்வளவு, மதியத்திலிருந்து இப்படிக் கொட்டுகிறது, அப்படியானால் ராத்திரி இவ்வளவு வரும் என்று கூட்டத் தெரிந்தவர்கள். அவர்களிடமிருந்து கணக்கின் முதல் வரியைப் பிடுங்கினேனா? ஏரலிலோ ஆத்தூரிலோ வெளியூர்ப் பிள்ளைக்காகக் கவலைப்பட்டு போனைத் திறந்த அம்மாவுக்கு அந்தக் கூட்டல் தெரியுமா என்றும் உடனே தோன்றுகிறது. தளத்துக்கு வருகிறவர் யாரென்று தெரியாமல்தான் இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுக்கிறோம்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி எங்களைப் போன்ற தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மற்ற செய்திகளுக்கு அது பொருத்தமான அவகாசம். தண்ணீர் அத்தனை நேரம் காத்திராது. அதற்கான ஒழுங்கை நாங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது பக்கத்தில் ஒவ்வொரு அணைக்கும் எண்ணும், அளந்த மணியும், எங்களுக்குத் தகவல் வந்த மணியும் ஒரே வரியில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் பிரியாது. தலைப்பிலும் முன்னோட்ட வரியிலும் எண் வராது, தேதி மட்டும். நீர்வரத்தும் வெளியேற்றமும் கன அடியில் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும், ஏனென்றால் கீழே இருப்பவருக்கு வருவது வெளியேற்றம்தான். ஒரு கன அடி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் புதுத் தகவல் வராமல் குறிப்பிட்ட நேரம் கடந்துவிட்டால் எண் தானாகச் சாம்பல் நிறமாகி, மேலே 1077 வரும். எண் அழியாது. இதில் அவர் சொன்னதும் இருக்கிறது, நான் சொன்னதும் இருக்கிறது.

அந்தக் குறிப்பிட்ட நேரம் எவ்வளவு என்பதில்தான் ஒத்துவரவில்லை. நான் மூன்று மணி நேரம் என்கிறேன். அவர் ஆறு என்கிறார்: “சீக்கிரம் மங்கிட்டா செத்த எண்ணுன்னு நெனச்சு வேற எடத்துக்குப் போயிருவாவ அண்ணாச்சி.” வடகிழக்குப் பருவத்துக்கு முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். இப்போதைக்கு நான்கு என்று வைத்திருக்கிறோம், இரண்டு பேருக்குமே அதில் திருப்தி இல்லை.