தரங்கம்பாடி மணலில் ஒரு ‘ழ’

சனிக்கிழமை காலை, மயிலாடுதுறையில் பஸ் ஏறி ஒரு மணி நேரம் சொச்சத்தில் தரங்கம்பாடி. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர்கள் 1792-ல் கட்டிய நகர வாசலைத் தாண்டியதும் தெரு நேராகக் கடலுக்குத்தான் போகிறது. சின்னவனை இறக்கிவிட்டோம்; வண்டிக் கூட்டம் இல்லாத தெரு, பயமில்லாமல் ஓடினான்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனியர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-ல் இதையும் சேர்த்துத்தான் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குப் பொறுமை பத்து நிமிடம்தான். கீழ்த்தளத்து இருட்டறைகளில் கூவி எதிரொலி கேட்டதுதான் அவர்களுக்குத் திருவிழா.

எனக்கு இந்த ஊர் என்றால் சீகன்பால்குதான். 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். ஒன்பதே வருஷத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்துவிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். இறந்தபோது வயது முப்பத்தாறு. என் வயதும் அதுதான். அந்தக் கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

வீட்டில் தமிழ் நோட்டை எடுத்தாலே மகளுக்கு அழுகை வரும். ‘ழ’வில் வந்து நின்றுவிடுவாள். சாயங்காலம் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போனோம். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கிருந்து திரும்பி மணலில் உட்கார்ந்தபோது அவளிடம் சீகன்பால்கு மணலில் எழுதிப் படித்த கதையைச் சொன்னேன்.

“அவ்ளோ பெரிய மாமாவா சின்னப் பசங்ககூட உக்காந்தாரு?”

“ஆமாண்டி.”

“அவருக்கு ‘ழ’ வந்துச்சா?”

எனக்குத் தெரியவில்லை. “எழுதி எழுதித்தான் பழகியிருப்பாரு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மணலைக் கையால் நிரவினாள். முதல் ‘ழ’வின் வால் எங்கேயோ போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. அவளே அழித்தாள், மறுபடி எழுதினாள். தம்பி வந்து மிதித்தான், இன்னொன்று எழுதினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அப்பா கூப்பிட்டபோது, “இரு ப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றாள்.