நீர்க்கசிவு வழக்கில் பிரதிவாதியாக நின்ற அனுபவம்

கீழ்வீட்டின் குளியலறைக் கூரையிலும் அதையொட்டிய படுக்கையறை அலமாரியிலும் நீர் இறங்கிச் சேதமானதற்கு மேல்வீட்டுக்காரரான நானே பொறுப்பு என்றும், ரூ.4,80,000 இழப்பீடு தர வேண்டும் என்றும் என்மீது தொடரப்பட்ட உரிமையியல் வழக்கு சென்ற மாதம் ஒருவழியாக முடிந்தது. சென்னையில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது நேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

சம்மன் வந்த விதத்திலேயே சிக்கல் தொடங்கியது. பதிவுத் தபாலை வாயில் காவலாளி கையெழுத்திட்டு வாங்கிக் குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் கொடுக்க, அங்கிருந்த ஊழியர் அதைப் பராமரிப்புக் கட்டண ரசீதுகளோடு இழுப்பறையில் போட்டுவிட்டார். உறை என் கைக்கு வந்தபோது முதல் வாய்தாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. "ஏதோ பேங்க் லெட்டர்னு நினைச்சேன் சார்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. சம்மன் சார்வான (முறைப்படி நம்மிடம் சேர்க்கப்பட்ட) 30 நாளுக்குள் எதிருரையை, அதாவது வழக்குக்கு எழுத்து மூலமான பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆஜராகாமலே இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்புதான். எனவே உறையைத் தூக்கி எறியாதீர்கள். காவலாளி வாங்கியது உங்களுக்குச் சார்வானதாகாது என்று வாதிட இடமுண்டு. அஞ்சல் முத்திரையும் தபால் கண்காணிப்பு விவரமும் அப்போது கைகொடுக்கும். என் வழக்கறிஞர் வக்காலத்துடன் (எனக்காக ஆஜராக நான் தந்த அதிகாரப் பத்திரம்) இவற்றையும் காட்டித்தான் கூடுதல் அவகாசம் பெற்றார்.

இதற்கிடையே சங்கச் செயலாளர், "கோர்ட்டெல்லாம் எதற்கு, நான் பேசி முடித்துவைக்கிறேன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் அதை நம்பி எதிருரையைத் தள்ளிப்போடக் கூடாது.

எதிருரையில் "வாதி கூறுவது அனைத்தும் பொய்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பயன்படாது. குறிப்பாக மறுக்கப்படாத சங்கதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பதால், பிராதின் (வாதி தாக்கல் செய்த வழக்குரையின்) ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் எழுதினோம். வாதி இணைத்திருந்த புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வழி திறந்தது: கறுத்துப்போன ஓதம் என் குளியலறைத் தரைக்கு நேர் கீழே இல்லை, எல்லா மாடிகளின் கழிவுநீரும் இறங்கும் பொதுக்குழாய் செல்லும் டக்ட் சுவரை ஒட்டியே படர்ந்திருந்தது. பொதுக்குழாயைப் பராமரிக்க வேண்டியது சங்கம். ஆகவே சங்கத்தையும் பிரதிவாதியாகச் சேர்க்க மனுச் செய்தோம். அதன்பிறகு செயலாளர் என்னுடன் லிஃப்டில்கூடப் பேசவில்லை.

ஆவணம் திரட்டியதுதான் பெரும்பாடு. டக்டில் கசிவு இருப்பதாக மேல்மாடிக்காரர் ஒருவர் முன்பே புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகார்ப் பதிவேட்டின் நகலைக் கேட்டால், "கமிட்டி கூடி முடிவெடுக்கணும்" என்பதே பதில். எதிருரையோடு சேர்க்காத ஆவணத்தைப் பின்னர் தாக்கல் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதால் இந்த இழுத்தடிப்பு உண்மையிலேயே ஆபத்தானது. பதிவேட்டைத் தாக்கல் செய்யச் சங்கத்துக்கு உத்தரவிடக் கோரி மனுப் போட்ட பிறகே அது வெளியே வந்தது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைச் சான்றாக்க நினைப்பவர்கள், வெறும் பிரிண்ட் அவுட் போதாது என்பதை அறிய வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழும் உடன் இருக்க வேண்டும். நடுவே, அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுச் சென்ற நாளில் நீதிபதி விடுப்பு என்று வாய்தா மாறியதும் உண்டு. வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியைப் பார்ப்பதோடு வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

இடத்தை நேரில் ஆய்ந்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரியதே எங்களைக் காப்பாற்றியது. அவர் பொறியாளருடன் வந்து, என் குளியலறை வடிகாலை அடைத்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி, கதவுக்கு முத்திரை வைத்துச் சென்றார். மறுநாள் வரை கீழ்வீட்டுக் கூரையில் நீலத்தின் சுவடே இல்லை. பிறகு மேல்மாடி வீட்டில் சாயத்தைக் கொட்டி ஃப்ளஷ் செய்தார்கள். டக்டின் உள்ளே, குழாய் இணைப்பில் நீலத் துளிகள் சொட்டுவதை வாதியும் குனிந்து பார்த்தார். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆணையரின் அறிக்கையில் அதுவும் புகைப்படத்துடன் பதிவானது.

சமரச மையத்தில் இரண்டாவது அமர்வுக்குமேல் நீளவில்லை. குழாயை மாற்றவும் கீழ்வீட்டுச் சேதத்துக்கு ஒரு தொகை தரவும் சங்கம் ஒப்புக்கொண்டது; என்மீதான கோரிக்கையை வாதி விட்டுக்கொடுத்தார். சமரசத்தில் முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று மத்தியஸ்தர் விளக்கியதும் அவர் இறங்கிவர ஒரு காரணம். என் வழக்கறிஞர் கட்டணம் மட்டும் என் தலையில்தான்.

சமரசத்தில் கையெழுத்திடும் முன், "இதே சேதம் குறித்து இவர்மீது இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தரப்பட்ட முதல் வரைவில் அது இல்லை. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கும் உடனே மனுப் போட்டுவிடுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார்.