போர்க்கால வணிகர் டோக்கன்கள்: என் சேகரிப்பு இதுவரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட மறு ஆண்டான 1862இல், மக்கள் பொன், வெள்ளி நாணயங்களோடு நிற்காமல் செம்பும் நிக்கலும் கலந்த ஒரு சென்ட் காசையும் பதுக்கத் தொடங்கியதால், கடைகளில் மீதி கொடுக்கச் சில்லறையே இல்லாமல் போயிற்று. அஞ்சல்தலைகள் சிறிது காலம் காசாகப் புழங்கின. ஆனால் அவை கைபட்டுக் கசங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆகவே வணிகர்கள் சென்ட் அளவிலேயே, ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விட்டத்தில், டோக்கன்களை அடிக்கச் செய்து வெளியிட்டனர். பெரும்பாலானவை 1863ஆம் ஆண்டைத் தாங்கியவை.

இவற்றில் நாட்டுப்பற்று வாசகங்கள் கொண்டவை ஒரு வகை, கடையின் பெயர் பொறித்தவை மற்றொரு வகை. இரண்டையும் வாங்கிவந்த நான் இப்போது இரண்டாம் வகையை மட்டுமே தேடுகிறேன். யார், எந்த ஊரில், என்ன விற்றார் என்பதை அந்தச் சிறு வில்லையே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்து மளிகைக்காரர்களின் டோக்கன்கள் ஏராளமாகக் கிடைப்பதால், சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து மளிகைக் கடைகளிடையே வளர்ந்த எனக்கு அவற்றின்மீது தனிப் பிரியம். நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லரின் டோக்கனும் கைக்கு வந்துவிட்டது: ஒருபுறம் அவருடைய தாடி முகம், மறுபுறம் பீர்க் குவளை. அவர் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியிட்டார். பயணிகளிடமிருந்து அவற்றை வாங்கிக் குவித்த தேர்ட் அவென்யூ இரயில் நிறுவனம் பணமாக்கித் தரக் கேட்டபோது மறுத்துவிட்டார். 1864இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள் தனியார் காசுகளுக்குத் தடை விதித்ததற்கு இத்தகைய தகராறுகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

ஒவ்வொரு டோக்கனும் எவ்வளவு அரிது என்பதை, இவ்வகை டோக்கன்களுக்கான ஃபுல்ட் அட்டவணைப்படி குறித்துவருகிறேன். அதில் ஆர்-1 என்றால் ஐயாயிரத்துக்கும் மேல் எஞ்சியுள்ளன. ஆர்-10 என்றால் ஒன்றே ஒன்று. நான் வாங்குபவை பெரும்பாலும் ஆர்-3க்கு உட்பட்டவை. தேய்ந்திருந்தாலும் பெயர் படிக்கக்கூடியதாக இருந்தால் போதும். பளபளப்புக்காகத் துலக்கிய செம்பை எவ்வளவு மலிவானாலும் நான் தொடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கையில், 2023 முதல் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பதிவுபெற்ற இணையச் சந்தைகள் பொருள் சேவை வரி வசூலிப்பதால், 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள அந்த வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஈரப்பதம்தான் பெரும் பகை. பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வந்தவற்றை உடனே எடுத்து, அசிட்டோனில் நனைத்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைக்கிறேன். அடுத்து மருந்துக்கடைகளின் டோக்கன்கள். அவற்றோடு, 1941ஆம் ஆண்டிட்ட மலாயாவின் ஒரு காசுத் தாள்நோட்டு ஒன்றையும், உலோகம் போருக்குப் போன இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் சில்லறையாக, அதே ஆல்பத்தில் சேர்க்க எண்ணியுள்ளேன்.