ஹெல்மெட் ஸ்பீக்கர் ஒருவழியாகச் சரியான இடத்தில் உட்கார்ந்தது

திண்டிவனத்தில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டுச் செஞ்சி பக்கம் திரும்பிய பிறகு, 80-ல் போய்க்கொண்டிருக்கும்போதே மேப் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. அதுமட்டுமில்லை, பின்னால் ஓடிய பாட்டில் பேஸ் கிட்டார் தனியாகக் கேட்டது. ஹெல்மெட்டில் பாட்டு கேட்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இத்தனை நாளும் 60-ஐத் தாண்டினால் தபேலாவும் பாடகர் குரலின் மேல் பாதியும் மட்டும்தான் மிஞ்சும், மீதி எல்லாம் காற்றோடு போய்விடும். வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கும், அவ்வளவுதான்.

ப்ளூடூத் எப்படிச் சேர்ப்பது, எந்த யூனிட் வாங்குவது என்பதற்குள் நான் போகப்போவதில்லை. என்னிடம் இருப்பது ஹெல்மெட்டில் மாட்டும் சாதாரண ப்ளூடூத் யூனிட், 40 மி.மீ. ஸ்பீக்கர் இரண்டு, இடப்பக்கம் பட்டன் வைத்த கிளிப். பின்சீட்டில் இருப்பவரோடு பேசும் இன்டர்காம் எல்லாம் இருக்கிறது, தனியாகப் போகிறவனுக்கு அது எதற்கு.

முதலில் போனை எங்கே வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. ஹேண்டில்பாரில் வைக்கவில்லை. என் வண்டி பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர், அதன் அதிர்வு என்னவென்று அதில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3600 ஆர்பிஎம்மில் இன்ஜின் வினாடிக்கு 60 சுற்று, அந்த அதிர்வு அப்படியே கைப்பிடிக்கு வருகிறது. நண்பர் ஒருவர் கெட்டியான அலுமினிய மவுன்ட் போட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினார், வந்து பார்த்தால் கேமரா ஃபோகஸே ஆகவில்லை, போட்டோ எடுக்கப் போனால் படம் நடுங்குகிறது. இது ஏதோ அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒரு குறிப்பு வெளியிட்டது: பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்குப் போனால் கேமராவில் உள்ள ஓஐஎஸ் (கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்வது), ஆட்டோஃபோகஸ் பகுதிகள் கெட்டுப்போகலாம், அதனால் அப்படி மாட்ட வேண்டாம் என்று. ஸ்கூட்டர், மொபெட் என்றாலும் அதிர்வு தாங்கும் மவுன்ட் போடச் சொன்னார்கள். லென்ஸைச் சின்ன ஸ்பிரிங்கிலும் காந்தத்திலும் மிதக்கவிட்டிருக்கிறார்கள், அதைப் போய் மணிக்கணக்கில் உலுக்கினால் என்ன ஆகும்?

ரப்பர் டேம்பர் வைத்த மவுன்ட் போட்டால் பெருமளவு தப்பிக்கலாம்தான். ஆனால் வெயிலுக்கு என்ன செய்வது. ஐபோனுக்குச் சொல்லியிருக்கும் வெப்ப அளவே 35 டிகிரி வரைக்கும்தான், வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். பிரைட்னஸ் முழுசாக, ஜிபிஎஸ் ஓடிக்கொண்டு, சார்ஜும் ஏறிக்கொண்டு, மேலே நேர் வெயில் என்றால் எந்த போனும் கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனை மங்கலாக்கிவிட்டு சார்ஜையும் நிறுத்திவிடும். வயர்லெஸ் சார்ஜிங் மவுன்ட் இன்னும் மோசம், அதுவே தனியாகச் சூடாகும். ஆக போன் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பேக்குக்குள், ஸ்கிரீன் அணைந்த நிலையில். வழி முழுக்கக் காதில்தான். அதனால்தான் ஸ்பீக்கர் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம்.

சட்டம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதிகளில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஓட்டுகிறவரின் கவனம் கெடக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்து நோண்டினால் அபராதம் விழலாம், அதற்கு இந்த விதி துணைக்கு வராது.

சரி, ஸ்பீக்கர்.

நிறையப் பேர் ஸ்பீக்கர் சரியில்லை என்று வேறு பெரிய ஸ்பீக்கர் வாங்கிப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் ஸ்பீக்கரில் குறை இல்லை, அது இருக்கும் இடம்தான் குறை. காதுத் துளைக்கு நேராக இல்லாமல் அரை அங்குலம் பின்னாலோ கீழேயோ போய்விட்டால் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, முழுக்கக் காணாமல் போகும். காதை விட்டு விலகி உள்ளே ஆழமாக இருந்தாலும் அதே கதிதான். ஹெல்மெட்டில் ஸ்பீக்கருக்கென்று குழி கொடுத்திருக்கிறார்களே என்றால், அந்தக் குழி யாருடைய காதுக்கோ வெட்டியது, நம் காதுக்கு இல்லை. எனக்கு அது காது மடலின் பின் விளிம்புக்கு நேராக வருகிறது.

காது சரியாக எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய தலைவலி. எல்லோரும் சொல்வது, காதில் ஏதாவது பூசிக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றி அடையாளம் பார்ப்பது. திருநீற்றைக் குழைத்துக் காது முன்னால் இருக்கும் சின்ன மேட்டில் வைத்துப் பார்த்தேன். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் மேலிருந்து கீழே இழுபட்டுத்தானே இறங்குகிறது, கன்னத்து பேடிலிருந்து மேல் துணி வரைக்கும் வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. ஓப்பன் ஃபேஸ் போடுகிறவர்களுக்கு வேண்டுமானால் இந்த முறை ஒத்துவரலாம்.

எனக்கு ஒத்துவந்தது இதுதான். ஹெல்மெட்டின் உள்பக்க லைனர் துணியைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை வெல்க்ரோவில் ஒட்டாமல் சும்மா குழியில் வைத்து, ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்ட்ராப்பையும் இறுக்கிவிட வேண்டும். ஸ்ட்ராப் போடாமல் பார்த்தால் ஹெல்மெட் அரை விரல்கடை மேலே நிற்கும், அந்த இடம் பொய். பிறகு போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, கழுத்துப் பக்கமாகக் கீழிருந்து ஒரு விரலை உள்ளே விட்டு ஸ்பீக்கரை மெல்ல நகர்த்திக்கொண்டே வர வேண்டும். பாட்டை வைத்துச் செய்தால் தெரியாது, பாட்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நகர்த்தியதால் சத்தம் கூடியதா பாட்டே கூடியதா என்று குழப்பம். ஒரே டோன் என்றால் சரியான இடத்துக்கு வந்ததும் ஹூம் என்று காதுக்குள்ளேயே அடைக்கும், ஒரு நூல் விலகினாலும் பட்டென்று இறங்கிவிடும். அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றி, வெள்ளைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டால் ஆயிற்று. வலப்பக்கத்துக்குத் தனியாகச் செய்ய வேண்டும், இடப்பக்கத்து அளவை அப்படியே எடுத்துப் போட்டால் வராது. என் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது.

அப்புறம் ஆழம். குழிக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஸ்பீக்கரை முன்னால் தள்ள ஏதாவது கொடுக்க வேண்டும். யூனிட்டோடு வந்த ஸ்பாஞ்சு இரண்டு வாரத்தில் நசுங்கி அப்பளமாகிவிடும். மகள் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கி வைத்திருந்த ஈவிஏ ஃபோம் ஷீட்டில் 40 மி.மீ. வட்டமாக வெட்டினேன். "அப்பா, அது என் சோலார் சிஸ்டத்துக்கு வாங்கினது" என்று சண்டை, வியாழன் கிரகத்துக்கு வைத்திருந்த ஆரஞ்சு ஷீட்டாம். ஸ்டேஷனரி கடையில் புதிது வாங்கிக்கொடுத்து முடித்தேன். 2 மி.மீ. ஷீட்டில் இடப்பக்கம் இரண்டு அடுக்கு, வலப்பக்கம் மூன்று. ஸ்பீக்கர் காதைத் தொடக் கூடாது, தொட்டால் அரை மணி நேரத்தில் காது மடல் வலிக்க ஆரம்பித்து மூடு முழுக்கக் கெட்டுவிடும். ஒரு துணி போகிற இடைவெளி விட்டு நிறுத்தினேன்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழி போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கைக் கத்தியால் சுரண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதே அந்த அடுக்குதான். குழி இல்லாத ஹெல்மெட் என்றால் வேறு ஹெல்மெட் பாருங்கள், அல்லது மெலிந்த ஸ்பீக்கர் பாருங்கள், கத்தியை உள்ளே விடாதீர்கள்.

இடம் சரியானதும் பாதி வேலை முடிந்தது. மீதியைச் செய்தது இயர்பிளக், அந்த மஞ்சள் ஃபோம் உருளை. காதை அடைத்துக்கொண்டு எப்படிப் பாட்டு கேட்பது என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். 100-ல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு. அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டைக் கேட்க வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து காதைத் தின்றுவிடும். பிளக் போட்டால் காற்றும் குறைகிறது, ஸ்பீக்கரும் குறைகிறது, ஆனால் ஸ்பீக்கரை ஏற்றிக்கொள்ளலாம், காற்றை யாரும் ஏற்றப்போவதில்லை. பேச்சு முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. லாரி ஹாரன் கேட்காமல் போகுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நம் ஊர் லாரி ஹாரனைத் தடுக்கும் பிளக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குள் போடுவதில்லை, ஹைவே ஏறும்போது மட்டும்.

ஒலியின் ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸை ஏற்றாதீர்கள். காற்றின் இரைச்சல் கீழ்ஸ்தாயியில்தான் அதிகம், 40 மி.மீ. ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட முடியாது. 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கிவிட்டால் மேப்பின் குரல் பாட்டுக்கு நடுவே வெட்டிக்கொண்டு வருகிறது. பேஸ் வேண்டுமென்றால் மேலே சொன்ன ஃபோம் வேலைதான், ஈக்வலைசரால் வராது.

இன்னொரு தொல்லை, மேப் பேசும்போது முதல் சொல் விழுங்கப்படுவது. பாட்டு ஓடாமல் அமைதியாக இருக்கும்போது ப்ளூடூத் தூங்கிவிடுகிறது, மேப் பேச ஆரம்பித்த பிறகுதான் விழிக்கிறது. "200 மீட்டரில் வலதுபுறம்" என்பதில் 200 போய்விட்டு "மீட்டரில் வலதுபுறம்" மட்டும் வரும். எத்தனை மீட்டரில் என்று யாரைக் கேட்பது? பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, அதனால் பாட்டு வேண்டாத நேரத்திலும் ஏதாவது ஒன்றை மிக மெல்லிய வால்யூமில் ஓடவிடுகிறேன். மேப் செட்டிங்கில் வழிகாட்டும் குரலைச் சத்தமாக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். கூகுள் மேப்பில் டூவீலர் மோடு நம் நாட்டில் 2017 டிசம்பரில் வந்தது, காருக்குப் போகாத சந்துகளையெல்லாம் காட்டும். ஸ்கிரீன் பார்த்துப் போகிறவர்களுக்கு அது நல்லது. காதை மட்டும் நம்பிப் போனால் கிராமத்துக்குள் ஐம்பது அடிக்கு ஒரு திருப்பம் சொல்லிக்கொண்டே வரும், பாட்டு ஒரு வரிகூட முழுசாக ஓடாது. நீண்ட பயணத்துக்கு நான் கார் மோடில்தான் போகிறேன்.

சார்ஜருக்கு வருகிறேன். அது இன்னும் அரைகுறைதான். சென்னை ஜிபி ரோட்டில் வாங்கிய சார்ஜருக்கு டெயில் லைட் வயரிலிருந்து கரன்ட் எடுத்துக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னார். "ரிலே போட்டுக் கொடுங்கண்ணே" என்றேன், சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுக்கும் சுவிட்ச் அது. "எதுக்கு தம்பி, இவ்வளவு சின்ன சாமானுக்குப் போய் ரிலேவா, சும்மா ஓடும்" என்றார். ஓடும்தான், ஆனால் அந்த மெல்லிய வயரில் 18 வாட் சார்ஜரையும் ஏற்றிவிட்டு, அடுத்து ஃபாக் லைட்டும் போட்டால் என்ன ஆவது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நாலு பின் ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், கூடவே ஒரு யூஎஸ்பி மீட்டரும் வாங்கி வந்தேன். ரிலேயின் பின்களில் எண் போட்டிருக்கும்: 30-ல் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-ல் சார்ஜர், 86-ல் சாவி போட்டால் வரும் லைன், 85 எர்த். இப்போதைக்கு ரிலே சைடு பாக்ஸுக்குள் ஜிப் டையில் தொங்குகிறது. மீட்டர் போட்டுப் பார்த்ததில் தெரிந்த ஒன்று, நீளமான மெல்லிய கேபிளில் 5 வோல்ட் போன் பக்கம் வரும்போது நன்றாகவே இறங்கிவிடுகிறது. ஒரு அடிக் கேபிள், தடித்தது, போதும். டேங்க் பேக்குக்கு அதற்கு மேல் எதற்கு.

அடுத்து ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ரோட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும், மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டு போக வேண்டும், பாட்டையும்தான். ஜமுனாமரத்தூர் தாண்டிக் காவலூர் வானியல் ஆய்வகம் வரை போகலாம் என்று திட்டம், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, சோலார் சிஸ்டம் செய்த ஆளும் பின்சீட்டில் வருகிறேன் என்கிறாள். அப்படியானால் அவளுக்கும் ஹெல்மெட், அவளுக்கும் ஸ்பீக்கர், வேண்டாம் என்று ஒதுக்கிய இன்டர்காமும் வேலைக்கு வரும். குழந்தைகள் அளவு ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் குழி இருப்பதாக நான் இதுவரை பார்த்த கடைகளில் ஒன்றுகூட இல்லை. யாராவது வாங்கியிருந்தால் எந்த மாடல் என்று சொல்லுங்கள், அதற்கு முன்னால் ஹேண்டில்பாரில் ஒட்டும் ப்ளூடூத் பட்டன் ஒன்றும் வாங்க வேண்டும், கையுறையோடு கிளிப்பில் பாட்டு மாற்றுவது என்னால் ஆகவில்லை.