ரெஸ்யூமிலிருந்து நான் எடுத்த வரிகள்

என் ரெஸ்யூம் நான்கு பக்கம் இருந்தது. 9 வருஷம் சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்த்தவன் நான். திடீரென்று எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அப்புறம் வந்த 4 மாதத்தில் அந்த நான்கு பக்கத்தை 60-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு அழைப்புகூட வரவில்லை.

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா, இப்போது வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். அவரிடம் ரெஸ்யூமைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தபடியே ஏழுவரை எண்ணிவிட்டு, தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"என் ஞாபகத்துல நிக்கிறதைச் சொல்றேன் தம்பி. உங்க அப்பா பேரு, பிறந்த தேதி, நீ செஸ் விளையாடுவ. ஆனா நீ என்ன வேலை பார்த்தேன்னு தெரியலையே."

ஏன் ஏழு என்று கேட்டேன். 2018-ல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், ஆள் எடுப்பவர்களின் கண் தாளில் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறது. முதல் பார்வைக்கு அவர்கள் ஒதுக்கியது சராசரியாக 7.4 வினாடி. அந்த நேரம் முழுவதையும் நான் என் பிறப்பு, குடும்ப விவரங்களுக்கே செலவழிக்க வைத்திருந்தேன்.

அன்றைக்கே பென்சிலை எடுத்தோம். வயது, திருமண நிலை, மதம், போட்டோ எல்லாம் முதலில் போயின. இவை வேலைத் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. படிப்பவர் மனதில் அவருக்கே தெரியாமல் ஒரு முடிவை உண்டாக்கிவிடலாம். விளம்பரத்திலேயே கேட்டிருந்தால் கொடுக்கலாம், அது வேறு. முழு முகவரி இருந்த இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. அடையாள அட்டை எண்ணை நான் எழுதியிருந்ததைப் பார்த்து அக்கா உண்மையிலேயே பதறிவிட்டார். இணையத்தில் ஏற்றிய ரெஸ்யூம் யார் கைக்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி, முகவரி, அந்த எண் நான்கும் ஒரே தாளில் கிடைத்தால், நம் பெயரில் மோசடி செய்ய நினைப்பவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

"என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவுவதே என் குறிக்கோள்" என்ற வரியும் போனது. யார் ரெஸ்யூமில் ஒட்டினாலும் அது பொருந்தும். பள்ளி மதிப்பெண்கள், படிக்கும்போது பார்த்த மூன்று மாத வேலை, பொழுதுபோக்குகள் எல்லாவற்றையும் சட்டென்று அடித்துவிட்டோம். எக்செல் 80 சதவீதம் என்று பட்டை வரைந்து வைத்திருந்தேன். "மீதி 20 என்ன?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. முன்னாள் மேலதிகாரிகள் இரண்டு பேரின் போன் நம்பரை அவர்களிடம் கேட்காமலே போட்டிருந்தேன். அது நான் செய்த தப்பு. வேண்டும்போது நிறுவனமே கேட்கும். அவர்களிடம் சொல்லிவிட்டு அப்போது கொடுத்தால் போதும்.

எடுக்க மனமே வராதது ஒன்று உண்டு. பழைய வேலை ஏன் போனது என்று ஆறு வரி எழுதியிருந்தேன். என் மேல் தப்பில்லை என்று யாராவது புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்தார். "இது நேர்ல உட்கார்ந்து பேசற விஷயம்பா. தாள்ல இருந்தா புகார் மாதிரி தெரியும்" என்றார். அடித்தேன். கொஞ்சம் வலித்தது.

ஆனால் விடுவது வேறு, மறைப்பது வேறு. அந்த வேலைக்கு முன்னால், அம்மாவைப் பார்த்துக்கொள்ள 8 மாதம் வீட்டில் இருந்தேன். தேதிகளை இழுத்து அந்த இடைவெளியை மூடிவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். சரிபார்க்கும்போது ஒரு மாதம் இடித்தாலும் மற்ற எல்லா வரியின் மேலும் சந்தேகம் வந்துவிடும். இன்னொன்றும் சொன்னார்: ரெஸ்யூம் நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, நிறுவனம் தரும் விண்ணப்பப் படிவம் அப்படியில்லை. "இதுவரை பார்த்த எல்லா வேலையும்" என்று அதில் கேட்டிருந்தால், அந்த மூன்று மாத வேலையையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் வடிவம். ஃபைலில் இருந்ததை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது ஒன்றோடொன்று கலந்து, கல்லூரிப் பெயருக்கு நடுவில் எக்செல் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் போட்டிருந்த போன் நம்பரைக் காணவே இல்லை. விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்களில் சிலவற்றுக்கும் இதே சிக்கல் உண்டாம். 60 இடங்களில் எத்தனை பேரிடம் நம்பரே இல்லாமல் என் ரெஸ்யூம் போயிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. கட்டம், படம், நெடுக்குப் பிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெயருக்குக் கீழேயே நம்பரை எழுதினேன்.

மிஞ்சியது ஒன்றேகால் பக்கம். மேலே காலியான இடத்தில் இந்த வரியை வைத்தோம்: "மாத இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசத்தை இரண்டு வருஷத்தில் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவந்தேன்." இது பழைய ரெஸ்யூமிலும் இருந்ததுதான், மூன்றாம் பக்கத்தின் அடியில். நான்கு பக்க ஃபைலை அழிக்கவில்லை. "முழு விவரம்" என்று பெயர் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் தேவையானதை அதிலிருந்துதான் எடுக்கிறேன்.

ஐந்து வாரத்தில் மூன்று அழைப்புகள் வந்தன. இரண்டாவது நேர்காணலில் எதிரே இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, "இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். கிடங்கின் அடுக்குகளை வாரத்துக்கு ஒரு வரிசை என்று எண்ணிய கதையில் தொடங்கி, அரைமணி நேரம் பேசினோம். பிரிவை மூடியதைப் பற்றியும் கேட்டார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். தலையாட்டிவிட்டு, எப்போது சேர முடியும் என்று கேட்டார்.