எதிர்வீட்டு அக்காவின் இரண்டு குடும்பப் பெயர்கள்: ஹூஸ்டன் நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

எதிர்வீட்டு அக்காவின் வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் அனுப்பினால் திரும்பத் திரும்ப நிராகரிக்கிறார்கள். அக்கா மெக்சிகோவின் புவேப்லாக்காரர். அந்த ஊர் வழக்கப்படி அவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் அப்பா வழி எர்னாண்டெஸ், அடுத்து அம்மா வழி முன்யோஸ். கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான்.

காகிதங்களையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தோம். கிரீன் கார்டிலும், அமெரிக்க அரசு தரும் எண் உள்ள சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. டிரைவிங் லைசென்ஸில் மட்டும் எர்னாண்டெஸ் நடுப்பெயராகிவிட்டது. கணக்குப் போட்டவர் அதைப் பார்த்து முன்யோஸ் என்று மட்டும் அடித்திருக்கிறார்.

வரித்துறை குடும்பப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு ஒத்துப்பார்க்கும். ஸ்பானிய இரட்டைப் பெயரென்றால் முதல் குடும்பப் பெயரைத்தான் எடுக்கும். எர்னாண்டெஸைத் தேடும் இடத்தில் முன்யோஸ் வந்தால் எப்படி ஏற்கும்? அட்டையில் உள்ளபடியே அடித்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

"ஒன்றை விட்டுவிட்டால் வேலை சுலபம்" என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெக்சிகோவின் அடையாள எண்ணான குர்ப்பிலேயே அம்மா வழிப் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. இங்கே அதை வெட்டிவிட்டால், நாளை ஊரில் அம்மாவின் நிலப் பத்திரத்துக்குப் போகும்போது இவர்தான் அவர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஹாரிஸ் கவுண்டியின் பொது மருத்துவமனைப் பதிவுகளில் ஒரு காலத்தில் மரியா கார்சியா என்ற பெயரில் மட்டும் 2,488 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 231 பேருக்குப் பிறந்த தேதியும் இன்னொருவரோடு ஒத்துப்போனது. இப்படி ஒரே பெயர் பெருகிக் கிடக்கும் இடத்தில் ஆளைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவது பெயர்தான்.

நம் ஊர் வாசகர்கள் மார்க்வெஸ் என்றே சொல்லும் எழுத்தாளருக்கு அப்பா வழிப் பெயர் கார்சியா. மார்க்வெஸ் அவருடைய அம்மா லூயிசா சாந்தியாகாவின் குடும்பப் பெயர். நூலகத்தில் அவரைத் தேடுகிறவர்கள் 'கார்சியா மார்க்வெஸ்' என்றுதான் தேட வேண்டும்.

மார்ச் 29, சனி

இனி லைசென்ஸ். மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் ரியல் ஐடி, அதாவது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற லைசென்ஸோ அடையாள அட்டையோ கேட்பார்கள். அதற்குள் திருத்திவிட வேண்டும் என்று அக்காவுக்குக் கவலை.

அக்காவுக்கு சோஷியல் செக்யூரிட்டி அட்டை சரியாக இருந்தது பெரிய ஆறுதல். அங்கே பிழை இருக்கிறவர்கள் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். மற்றவர்கள் அந்தப் பதிவோடுதான் ஒத்துப்பார்க்கிறார்கள். எஸ்எஸ்-5 படிவம், கட்டணம் கிடையாது. அட்டையில் குடும்பப் பெயருக்கு 26 எழுத்துகள் வரை இடமுண்டு. இரண்டு பெயர்களும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

புது லைசென்ஸ் தபாலில் வந்தது. எர்னாண்டெஸ் முன்யோஸ், இரண்டும் குடும்பப் பெயர் வரியில். அக்கா அதைக் கையிலேயே வைத்திருந்தார். "அம்மா பெயர் இருக்கு" என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. என் முதல் விசாவில், அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு வளர்ந்த எனக்கு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடித்திருந்தார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அதனால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

இங்கே பிறந்த அக்கா மகளின் பெயரில் இரண்டு குடும்பப் பெயர்களையும் ஹைஃபன் போட்டு இணைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க் கணினிகளுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அக்காவுக்கு வேண்டாம் என்றேன். பிறப்புச் சான்றிதழில் இல்லாத ஹைஃபனை ஏன் புதிதாகச் சேர்க்க வேண்டும்?

மே 4, ஞாயிறு

குடியுரிமைக்கான என்-400 படிவத்தை நிரப்பினோம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் இரண்டும். இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் பழைய லைசென்ஸில் இருந்த வடிவத்தையும், வங்கியில் இருப்பதையும் ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னேன். மறைத்தால்தான் நேர்காணலில் சந்தேகம் வரும்.

அடுத்து, பெயரை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவுக்குப் போக வேண்டும். நான் படித்துக் காட்டி முடிப்பதற்குள் அக்கா 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்.

வங்கிக்குத் திங்கட்கிழமை போகிறோம்.