எட்டு வருஷம் கருத்தடை மாத்திரை போட்டேன், ஒரு பாப் ஸ்மியருக்கு மூணு தடவ அலைஞ்சேன்

"நார்மல்தான்மா, ஏதாச்சும் இருந்தா நாங்களே போன் பண்ணிருப்போம்"னு சொல்லி கவுண்டர்ல பாப் ஸ்மியர் ரிப்போர்ட் கவர நீட்டுனாங்க (கர்ப்பப்பை வாயில இருந்து செல் எடுத்து, கேன்சர் அறிகுறி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டு அது). நானும் நிம்மதியா பஸ் ஏறிட்டேன். ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம் பிரிச்சு பாத்தா "அன்சாட்டிஸ்ஃபாக்டரி"ன்னு அடிச்சிருக்கு. அதாவது எடுத்த செல் பத்தல, பாத்து சொல்லவே முடியலன்னு அர்த்தம், டெஸ்ட்டே எடுக்காத மாதிரிதான். அந்த கவர அப்படியே பீரோல வச்சிருந்தா மூணு வருஷம் நார்மல்னு நம்பிட்டு இருந்திருப்பேன், இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது.

சின்னவன் பொறந்து ஒரு வருஷம் கழிச்சு மாத்திரை ஆரம்பிச்சேன், எட்டு வருஷம் ஓடிடுச்சு. மெடிக்கல்ல அட்டை அட்டையா வாங்குறேன், ஒருத்தர்கூட டெஸ்ட் எடுத்தியாமான்னு கேட்டதில்ல. போன தை மாசம் நாத்தனார் வந்து "அண்ணி, அத போட்டா கர்ப்பப்பை வாய் கேன்சர் வருமாமே"ன்னு சொல்லவும் பயந்துபோய் அட்டைய பாதியிலயே நிறுத்திட்டேன். தயவுசெஞ்சு யாரும் இத பண்ணாதீங்க, அந்த மாசம் நாள் தள்ளிப்போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் தடவ போனப்ப ஓபி சீட்டு போடுறவங்க "எதுக்கு இந்த டெஸ்ட், வெள்ளைப்படுதா?"ன்னு வரிசையே திரும்பி பாக்குற மாதிரி கேட்டாங்க. பீரியட்ஸ் முடிஞ்சிடுச்சான்னு கேக்க வேண்டியத கேக்கல. ரெண்டு மணி நேரம் டோக்கனோட உக்காந்து உள்ள போனா, பீரியட்ஸ் இன்னும் லேசா பட்டுட்டு இருக்கு, இப்ப எடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. முடிஞ்சு அஞ்சு நாளாச்சும் விட்டு போங்க, முந்தின ரெண்டு நாள் உறவு வேணாம், உள்ள வைக்கிற மாத்திரை, க்ரீமும் வேணாம். ரெண்டாவது தடவ எடுத்ததுதான் அந்த அன்சாட்டிஸ்ஃபாக்டரி.

மூணு மாசம் கழிச்சு வேற டாக்டர்கிட்ட போனேன். அவங்கதான் உக்கார வச்சு பேப்பர்ல எழுதி காட்டுனாங்க. இந்த கேன்சருக்கு மூல காரணம் உடலுறவு மூலமா பரவுற ஹெச்பிவிங்கற வைரஸ்தான், அஞ்சு வருஷத்துக்கு மேல மாத்திரை போட்டா வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது, நிறுத்தி பத்து வருஷத்துல பழைய நிலைக்கு வந்துடும்னாங்க. 2007-ல 24 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்த கணக்காம். ரெண்டு மடங்குன்னதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. உடனே அவங்க, நம்மள மாதிரி நாடுகள்ல பத்து வருஷம் போட்டவங்க ஆயிரம் பேர்ல, 50 வயசுக்குள்ள 7 பேருக்கு வர்றது 8 ஆகும், அவ்ளோதான்னாங்க. கர்ப்பப்பை உள்சுவர், சினைப்பை கேன்சர் வாய்ப்ப இதே மாத்திரை கொறைக்குதாம். இத மொத டாக்டரே சொல்லிருந்தா எத்தன ராத்திரி தூங்கிருப்பேன்!

இந்த தடவ ரிப்போர்ட்ட கவுண்டர்லயே நின்னு பிரிச்சேன். பின்னாடி ஆள் நிக்குதுன்னாங்க, நகரல. "செல் போதுமான அளவு இருக்கு"ங்கிற வரிய மொதல்ல தேடி படிச்சேன், அப்புறம்தான் நெகட்டிவ்ங்கறத பாத்தேன். அங்கயே கண்ணு கலங்கிடுச்சு.

காசு பிரச்சனைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு கர்ப்பப்பை வாயில அசிட்டிக் ஆசிட் தடவி பாக்குற டெஸ்ட் இலவசம். எங்க திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல ஆரம்பிச்சு ஊர் ஊரா இதே டெஸ்ட்ட பண்ணி பாத்ததுல, இந்த கேன்சர்ல சாவு 35% கொறைஞ்சிருக்கு. நாத்தனாருக்கு 33 வயசு, இதுவரைக்கும் எடுத்ததே இல்ல. வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு போறேன், அவ பீரியட்ஸ் தேதிய கேட்டுட்டுதான் நாள் பாத்தேன்.